ஆயில் குறைந்து ஓடிய பழைய லாரி உதறுகிறதா? டிப் ஸ்டிக் முதல் சேம்பர் வரை, வரிசையாகப் பார்க்கும் முறை

பழைய வடாற்காட்டுப் பகுதியில் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது ஒரு பழைய டாடா 407 அல்லது மீட்டர் எப்போதோ நின்றுபோன ஒரு லேலண்ட்தான். ஆரணி ஆலைக்கு நெல், ஆம்பூருக்குத் தோல், ராணிப்பேட்டை சிப்காட்டுக்குச் சரக்கு, ஊருக்குள் செங்கல், ஜல்லி என்று ஓய்வில்லாமல் ஓடும் வண்டிகள் இவை. இவற்றில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: "ஆயில் கொறஞ்சு ஓடிடுச்சுண்ணே. பாத்து ஊத்திட்டேன். ஆனா வண்டி முன்ன மாதிரி இல்ல. ஸ்லோல உதறுது, மேடு ஏற மாட்டேங்குது." (ஸ்லோ என்பது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை.)

இதற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஆயில்தான் ஊற்றியாயிற்றே என்று லோடு ஏற்றி ஓட்டி, பாதி வழியில் பேரிங் பிடித்து, கிராங்க் ஷாஃப்டையே இழப்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் எஞ்சினை இறக்கி, போர், லைனர், பேரிங் என்று முழு வேலையும் செய்து முடித்த பின்னும் உதறல் போகாமல், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரு நாசில்தான் காரணம் என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. முதல் வகையில் வண்டி போகிறது, இரண்டாவதில் பணம் போகிறது. வரிசையாகச் சோதித்தால் இரண்டையும் தவிர்க்கலாம். அதிலும் முதல் பாதிச் சோதனைகளுக்கு எஞ்சினைக் கழற்றவே வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் டீசல் பம்பு வைத்த பழைய வண்டிகளுக்கு: 4 சிலிண்டர் 497 எஞ்சின் போட்ட 407, 6 சிலிண்டர் 697 போட்ட பழைய டாடா, அந்தக் கால லேலண்ட், ஈச்சர் போன்றவை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் வண்டியில், ஓடும்போது டெலிவரி பைப் (பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாய்) நட்டைத் தொடவே கூடாது. அதில் உள்ள அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோவைத் தாண்டும் (இனி அழுத்தத்துக்குக் கிலோ என்றால் இந்த அளவுதான்). அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் கையையே இழக்க நேரிடும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆயில் குறைந்த உடனே எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்காது. மிஸ்ஸிங் என்பது ஒரு சிலிண்டரில் டீசல் சரியாக எரியாததால் வருவது. ஆயில் அந்த எரிதலில் நேரடியாகக் கலந்துகொள்வதில்லை. அப்படியானால் இரண்டும் சேர்ந்து வருவது எப்படி? மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஆயில் குறைவு எதையோ தேய்த்துவிட்டது, அந்தத் தேய்மானம் இப்போது உதறலாக வெளிப்படுகிறது. கேம் ஷாஃப்ட் முட்டு தேய்ந்து வால்வு முழுதாகத் திறக்காதது, ரிங் உராய்ந்து கம்ப்ரஷன் போனது, டர்போ பேரிங் போனது எல்லாம் இந்த வகை.

இரண்டு, காரணம் ஒன்றுதான், விளைவு இரண்டு. ரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்தது. அதனால் ஆயில் எரிந்து குறைந்தது, அதே ரிங்கால் கம்ப்ரஷனும் இல்லை. இங்கே ஆயில் குறைவு நோயின் அடையாளம்தான். பழைய வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். ஆனால் ஓட்டுநரோ உரிமையாளரோ இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள்.

மூன்று, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது லைனில் காற்று இழுக்கிறது. ஆயில் குறைந்தது அதே வாரத்தில் நடந்த வேறு விஷயம்.

ஆகவே கேள்வி இரண்டு. எஞ்சினுக்கு உள்ளே சேதம் உண்டா? உதறல் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதுக்குப் போகாதீர்கள். உதறலைத் தேடி எஞ்சினை ஓடவிட்டு ரேஸ் கொடுப்பதே, அடிபட்ட பேரிங்கை முழுதாகக் கொன்றுவிடும்.

படி 1: ஸ்டார்ட் செய்யாமல் பார்ப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அணை கொடுத்து, ஆயில் வடிய கால் மணி நேரமாவது விடுங்கள். டிப் ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுங்கள். கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் ஒரு கதை. கம்பியின் நுனியே நனையவில்லை என்றால் வேறு கதை. பின்னதில் ஆயில் பம்பு காற்றை உறிஞ்சியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டுக்கு மேலே பத்தலபல்லி மலைப்பாதையிலோ, 14 கொண்டை ஊசி வளைவு கொண்ட ஏலகிரி பாதையிலோ இந்த நிலையில் ஏறியிருந்தால் இன்னும் மோசம். ஏற்றத்திலும் வளைவிலும் சேம்பரில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மிச்சம் இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு வலை வெளியே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள் என்றால், அதிகமாக ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பயத்தில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது வழக்கம். கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் உறிஞ்சப்பட்டு நீலப்புகையும் தள்ளும். அப்போது வரும் உதறலும் புகையும் புதிய கோளாறு. பழைய சேதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு விரல்களுக்கு இடையே ஆயிலைத் தேய்த்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். தண்ணீர் போல ஓடி, டீசல் வாசனை வந்தால் டீசல் கலந்திருக்கிறது. சில எஞ்சின்களில் டீசல் பம்புக்கும் எஞ்சின் ஆயில்தான் போகும், பம்பு தேய்ந்தால் டீசல் அந்த வழியாகவே சேம்பருக்கு இறங்கும். இதில் ஒரு மோசடி உண்டு: ஆயில் எரிந்து குறைந்துகொண்டே இருக்கும், டீசல் இறங்கி அளவைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். டிப் ஸ்டிக் நல்ல அளவு காட்டும், உள்ளே பேரிங்குக்குப் பிடிப்பே இருக்காது. பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலர், ஹெட் பேக்கிங், லைனர் ரப்பர் வளையம் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து (எஞ்சின் ஆறிய பிறகு) மேலே ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: ஓட்டுநரிடம் கேட்பது

இதைத் திட்டாமல் கேட்க வேண்டும். திட்டினால் உண்மை வராது. "தம்பி, சம்பளத்துல கை வைக்கப் போறதில்ல. நடந்ததை அப்படியே சொல்லு" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஆயில் விளக்கு எரிந்ததா? எரிந்து எவ்வளவு தூரம் ஓட்டினாய்? எரியவே இல்லை என்றால் அதுவும் ஆறுதல் இல்லை. அந்த சுவிட்ச் பெரும்பாலும் அழுத்தம் அரைக் கிலோ அளவுக்கு இறங்கிய பிறகே விளக்கைப் போடும், லோடில் இருக்கும் எஞ்சினுக்கு அதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடும். பழைய வண்டியில் பல்பே செத்துப்போயிருக்கலாம். சாவி போட்டதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஹீட் முள் ஏறியதா? ஆயில் குறைந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையிலும் ஒரு பங்கு குறைகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகும் வேலூரில், லோடோடு ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை ஓட்டிய எஞ்சினுக்கு அது கூடுதல் சுமை. முள் சிவப்புக்குப் போயிருந்தால் ஹெட் பேக்கிங்கும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

கடைசியாக ஆயில் ஃபில்டர் மாற்றியது எப்போது, எங்கே? பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியது பூட்டப்பட்டால், ஓடும்போது ஆயில் பீய்ச்சி வெளியேறும். இது அடிக்கடி நடப்பது, கண்டுபிடிப்பதும் சுலபம்.

படி 3: போன ஆயில் எங்கே?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் ரிப்பேர் செய்தால், புது பேரிங்கும் அதே வழியில் போகும்.

வெளியே ஒழுகியிருந்தால் கீழே தெரியும்: சேம்பர் பேக்கிங், பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் பின் ஆயில் சீல், எஞ்சின் மேலே உள்ள டேப்பட் மூடி ஓரம், பிரஷர் மீட்டருக்குப் போகும் சின்ன பைப். நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஆயில் ஒழுகிய இடத்தில் அப்பிக்கொள்ளும், அதனால் தடம் பிடிப்பது எளிது. கழுவிவிட்டுத் தேடாதீர்கள், தேடிவிட்டுக் கழுவுங்கள்.

ஒழுகல் இல்லையென்றால் பலர் உடனே "ரிங் போயிடுச்சு" என்று முடிவு கட்டுவார்கள். அதற்கு முன் பார்க்க இரண்டு இடம் இருக்கிறது. ஏர் பிரேக் வண்டியில் ஏர் கம்ப்ரசருக்கு எஞ்சின் ஆயில்தான் போகிறது. கம்ப்ரசர் ரிங் தேய்ந்தால் ஆயில் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்க்குக்குப் போய்ச் சேரும். டேங்க் அடியில் உள்ள வடிகாலைத் திறந்தால் தண்ணீரோடு கொழகொழவென்று ஆயில் வந்தால் திருடன் அங்கே இருக்கிறான். எஞ்சின் மேல் குற்றம் இல்லை. 407 போன்ற வேக்குவம் பிரேக் உதவி உள்ள வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்பையும் அதற்குப் போகும் ஆயில் குழாயையும் பாருங்கள். டர்போ வண்டியென்றால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விடுங்கள். லேசான ஈரம் சகஜம், தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கிறது.

படி 4: கையால் சுற்றி, ஃபில்டரைப் பிரித்துப் பார்ப்பது

இந்த ஒரு படிக்கு அவசரம் வேண்டாம். உள்ளே பேரிங் என்ன நிலையில் இருக்கிறது என்பதை எஞ்சினைத் திறக்காமலே சொல்லக்கூடியது இதுதான்.

கியரை நியூட்ரலில் போட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷன் வரும் இடத்தில் இறுக்கமும் அதைத் தாண்டியதும் தளர்வும் இருப்பது இயல்பு. 4 சிலிண்டர் எஞ்சினில் அந்த இறுக்கம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை, ஒரே அளவில் வர வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கமே வரவில்லையென்றால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை என்பதற்கு முதல் தடயம். கம்ப்ரஷனுக்குச் சம்பந்தமில்லாமல் கரகரவென்று பிடித்தால் ஸ்டார்ட் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு நேராகக் கடைசிப் படிக்குப் போங்கள்.

சரி, சுலபமாகச் சுற்றுகிறது. அடுத்து ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் துடைக்காமல் வையுங்கள். ஃபில்டரைக் கழற்றுங்கள். கிண்ணத்துக்குள் காகித எலிமென்ட் வைத்த பழைய வகையானால் நேராக எடுக்கலாம். தகர டப்பா வகையானால் ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள். அறுக்கும் இரும்புத்தூளே உள்ளே போய்ச் சாட்சியைக் கெடுக்கும். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் விளிம்பு மடிப்பை உளியால் நெம்பித் திறக்கலாம்.

காகித மடிப்பை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, வெள்ளை எனாமல் தட்டில் சுத்தமான டீசல் விட்டு அலசுங்கள். தட்டை வெயிலில் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டீசல் ஒரு பக்கம் ஓடும்போது அடியில் தங்குவதுதான் சாட்சி. கறுப்பாக, நகத்தால் அழுத்தினால் மாவாகிற துகள் வெறும் கரி. காந்தத்தை அடியில் வைத்து இழுத்தால் கூடவே நகரும் துகள் இரும்பு: ரிங், லைனர், கேம், டேப்பட் பக்கத்திலிருந்து வந்தது. டிரெயின் போல்ட் காந்தத்தில் மை போலச் சாம்பல் பூச்சு மட்டும் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். காந்தத்துக்கு அசையாத வெள்ளித் தகடு போன்ற மெல்லிய துணுக்கு, பேரிங்கின் மேல்பூச்சாக இருக்கலாம், பிஸ்டன் அலுமினியமாகவும் இருக்கலாம். செம்பு நிறத்தில், தட்டைச் சாய்க்கும்போது பளிச்சென்று மின்னும் செதில் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அடித்தளமே உரிகிறது என்று பொருள். டர்போ, ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) புஷ் இவற்றிலிருந்தும் செம்பு நிறத் துணுக்கு வரலாம். ஆனால் கை நிறைய வந்தால் சேம்பரைத் திறக்காமல் ஓட்டக்கூடாது. "இன்னும் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்பதற்கு இங்கே இடம் கொடுக்காதீர்கள்.

படி 5: ஆயில் அழுத்தம்

துணுக்கு இல்லை அல்லது ஐயத்துக்கு இடமாக மிகக் கொஞ்சம் என்றால் புது ஃபில்டரை ஆயில் நிரப்பிப் பூட்டி, எஞ்சினுக்குச் சொன்ன தரத்தில் (இந்த எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40) மேல்கோடு வரை ஊற்றுங்கள். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், ஆயில் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் பூட்டுங்கள். பேட்டரி ஒயரை மறுபடி மாட்டி, டீசலை நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிளை இழுத்து வைத்தபடி, ஸ்டார்ட்டரால் 10, 15 விநாடி சுற்றி, இடைவெளி விட்டு மறுபடி சுற்றி, கேஜ் முள் அசைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் நன்றாகத்தான் காட்டும். அதில் ஏமாறக்கூடாது. சூடானபின் பார்ப்பதுதான் கணக்கு. ஸ்லோவிலேயே விட்டு, பிறகு மெதுவாகக் கொஞ்சம் கூட்டி, எஞ்சின் முழுச்சூட்டுக்கு வரட்டும். பொதுவான அளவு: நல்ல சூட்டில், ஸ்லோவில் 1 கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது, ரேஸில் 3 கிலோவாவது ஏற வேண்டும். உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் சரியாக இருந்து சூட்டில் மளமளவென்று விழுந்தால் பேரிங் இடைவெளி கூடியிருக்கிறது அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. முள் நடுங்கினால் உறிஞ்சு பக்கம் காற்று இழுக்கிறது, அல்லது வலை அடைத்திருக்கிறது. எப்போதுமே குறைவு என்றால் ரிலீஃப் வால்வு தூசியில் சிக்கித் திறந்தே இருக்கலாம். பேரிங்கை மாற்றும் முன் அந்த வால்வைக் கழற்றிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்தால் கெட்டியான ஆயிலையோ, பாட்டில் மருந்தையோ ஊற்றிச் சத்தத்தை அடக்குவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. முக்கியமாக விற்கப் போகும் வண்டியில். கெட்டி ஆயில் தேய்ந்த இடைவெளியை நிரப்பி முள்ளைக் கொஞ்சம் தூக்கும், தேய்மானத்தை நிறுத்தாது. காலைக் குளிரில் ராக்கருக்குப் போய்ச்சேர அது கூடுதல் நேரமும் எடுக்கும். வாங்கி ஓட்டுகிறவன் நடுரோட்டில் நிற்பான். இதைச் செய்யாதீர்கள்.

படி 6: காதால் கேட்பது

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதருகே வைத்து, முனையை எஞ்சின் உடலில் பல இடங்களில் வைத்துக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டையும் கையும் போகாமல் கவனம்.

மேலே, டிக் டிக் என்று எஞ்சின் வேகத்தில் பாதிக்கு வந்தால் டேப்பட் அல்லது ராக்கர். குளிரில் கொட்டுச் சத்தம், சூடானதும் குறைந்தால் பிஸ்டன் ஆட்டம். சூடாக ஆகக் கூடி, ரேஸ் கொடுத்து விடும்போது நடுப்பகுதியில் டக் டக் என்று தெளிவாக வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். மிக அடியில், லோடில் மட்டும் தொம் தொம் என்று கனமாக வந்தால் மெயின் பேரிங்.

ஆனால் கெட்ட நாசிலும் பேரிங் போலவே தட்டும். பல எஞ்சின்கள் வீணாக இறக்கப்படுவது இந்தக் குழப்பத்தால்தான். அந்த சிலிண்டரின் டீசலை நிறுத்தினால் பேரிங் சத்தமும் குறையும், நாசில் சத்தமும் குறையும். காது இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஃபில்டர் சுத்தம், சூட்டில் அழுத்தம் சரி, ஆனாலும் தட்டுகிறது என்றால் முதலில் நாசிலைச் சந்தேகியுங்கள்.

படி 7: உதறலுக்குக் காரணம் எது

முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது, பேரிங் பிழைத்திருக்கிறது. இனி உதறலைத் தேடலாம்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். ஹேண்ட் பிரைமரை அடித்து, ஃபில்டர் மேல் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை எடுங்கள். எடுத்த காற்று மறுநாளும் வந்தால் டேங்க்கிலிருந்து ஃபீட் பம்பு வரையிலான பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். குவாரி, செங்கல் சூளை பக்கம் ஓடும் வண்டியில் அது எப்போதும் சந்தேகத்துக்கு உரியது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் நல்ல எஞ்சினும் உதறும்.

அடுத்து சிலிண்டர் வாரியாக. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லோவில் ஓடும்போது முதல் நாசிலின் டெலிவரி பைப் நட்டை, மேலே ஒரு துணி போர்த்தி, அரைத் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் உடனே தடுமாறும், ஸ்லோ இறங்கும். இறுக்கிவிட்டு அடுத்தது. எதைத் தளர்த்தும்போது எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். சிந்தும் டீசல் சைலன்ஸர் மேனிஃபோல்டில் படாமல் பாருங்கள்.

அந்த சிலிண்டர் நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றுங்கள், செப்பு வாஷர் புதிதாகப் போட்டு. மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் நாசில்தான். டீசல் பம்பு கடையில் கொடுத்துச் சோதித்து முனை மாற்றினால் வேலை முடிந்தது. மிஸ்ஸிங் அதே சிலிண்டரில் நின்றால் வால்வு, கம்ப்ரஷன், அல்லது பம்பின் அந்த எலிமென்ட்.

இப்போது டேப்பட் மூடியைத் திறங்கள். ஆயில் குறைந்து ஓடிய வண்டியில் முதலில் காய்ந்துபோவது மேல்தட்டு, ஏனென்றால் அங்கே ஆயில் கடைசியாகத்தான் வந்து சேரும். மூடியில்லாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் வராமல் காய்ந்து கிடந்தால் வழி அடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, புஷ் ராடு வளைந்திருக்கிறதா, ராக்கர் புஷ் ஆடுகிறதா என்று பார்த்து, கையேட்டில் உள்ள இடைவெளிக்கு (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே) டேப்பட் வையுங்கள். 1-3-4-2 வரிசையில் சிலிண்டர்கள் எரியும் எஞ்சினில், 4-ம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும் நேரத்தில் 1-ஐ வைக்கலாம், 1-க்கு 4. அதேபோல் 2-க்கு 3, 3-க்கு 2. 6 சிலிண்டரில் 1-க்கு 6, 2-க்கு 5, 3-க்கு 4.

டேப்பட் வைத்த பிறகு ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜ் வைத்து அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக இறங்கினால் கேம் முட்டு தேய்ந்திருக்கிறது. ஆயில் பஞ்சம் நேரடியாக உதறலாக மாறும் இடங்களில் இது ஒன்று, பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான்.

கடைசியாக ஆயில் ஊற்றும் மூடி. ஓடும் எஞ்சினில் அதைக் கழற்றித் துளை மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது), ரிங் போயிருக்கிறது. உறுதிப்படுத்த எல்லா நாசிலையும் கழற்றி, டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் போட்டு ஒவ்வொன்றாக அளங்கள். ஒன்றுக்கொன்று 3, 4 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்தது குற்றவாளி. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் பேக்கிங் நடுவில் எரிந்திருக்கும். பெட்ரோல் வண்டியில் செய்வதுபோல் சிலிண்டரில் ஆயில் ஊற்றிச் சோதிக்காதீர்கள். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

டர்போ வண்டிக்கு மட்டும்

எஞ்சின் நின்று ஆறியபின் டர்போவின் காற்று வாயைக் கழற்றி, இறக்கையை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். இறக்கை உறையில் உரசினாலோ முன்னும் பின்னும் நகர்ந்தாலோ டர்போ முடிந்தது. சீல் மோசமாகப் போன டர்போவோடு ஓட்டினால், எஞ்சின் தன் ஆயிலையே குடித்து, ஸ்டாப்பர் இழுத்தாலும் நிற்காமல் தானே வேகமெடுக்கும். அப்படி நடந்தால் காற்று வாயைத் தடித்த பலகையால் மூடுங்கள், கையை வைக்காதீர்கள். முடியாவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் கிளட்சை விட்டு நிறுத்துங்கள்.

படி 8: சேம்பரைத் திறப்பது

செம்புத் துணுக்கு, சூட்டில் விழும் அழுத்தம், கூடும் தட்டல், இவற்றில் இரண்டு சேர்ந்தால் திறந்துதான் ஆக வேண்டும். எஞ்சினை இறக்கத் தேவையில்லை. சேம்பர் மட்டும் போதும், சில வண்டிகளில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்க வேண்டிவரும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

சேம்பர் அடியில் கிடப்பதையும் உறிஞ்சு வலையையும் முதலில் பாருங்கள். பிறகு ராடு கேப்களை ஒவ்வொன்றாக, எண் குறித்து, திசை மாறாமல் கழற்றுங்கள். ராடு பேரிங் இரண்டு பாதி வளையங்களாக, அதாவது ஷெல்களாக இருக்கும்; அதில் மேல் ஷெல்தான் எரிதலின் அடியைத் தாங்குகிறது, அதைப் பார்க்காமல் கீழ் ஷெல்லை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று மூடிவிடாதீர்கள். மெயின் பேரிங்கில் இது தலைகீழ், அங்கே கீழ் ஷெல்தான் முக்கியம். மங்கிய சாம்பல் நிறம் நல்லது. செம்பு தெரிந்தால் மாற்ற வேண்டும்.

ஷெல் போனால் கிராங்க் பின்னைப் பாருங்கள். நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டக்கூடாது. நீலம் பாய்ந்திருந்தால் அது சூடேறிய கிராங்க், லேத் பட்டறையில் விரிசல் சோதனை செய்யாமல் பயன்படுத்தக்கூடாது. மைக்ரோமீட்டரில் பல திசையில் அளந்து, முட்டை வடிவம் ஆகியிருந்தால் கிரைண்டிங் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அளவு ஷெல் போட வேண்டும். கோடு விழுந்த பின்னில் புது ஷெல் போட்டு அனுப்பும் வேலை சில வாரம்கூடத் தாங்காது. ஒரு ஷெல் போயிருந்தால் எல்லா ஷெல்லையும் மாற்றுங்கள், ராடு போல்ட் புதிது போடுங்கள், டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள்.

கிராங்க்கின் ஆயில் துளைகளையும் ஆயில் கூலரையும் கழுவ மறக்காதீர்கள். உரிந்த துணுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். கிரைண்டிங் கடையிலிருந்து வரும் கிராங்க்கின் துளைகளில் எமரித்தூள் இருக்கும், டீசல் பீய்ச்சி, காற்றடித்து, கம்பியில் துணி கோத்து இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கூலரைக் கழுவ முடியாவிட்டால் மாற்றுவது நல்லது.

பூட்டிய பிறகு மறுபடி கேஜ் போட்டு, சூட்டில் அழுத்தம் பார்த்து, அதை வண்டிப் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடு, மலைப்பாதை வேண்டாம். தினமும் விடியலில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிப் ஸ்டிக். 500 முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை மறுபடி வெட்டி வெள்ளைத் தட்டில் அலசிப் பாருங்கள். செம்பு மின்னாவிட்டால் முழு லோடு ஏற்றலாம்.